கொட்டகைக்கு ஒரு மரப் பட்டறை மேசை: அசையாமல் நிற்கச் செய்வது எப்படி

கேள்வி இது: வீட்டுக்குப் பின்னால் 10 × 12 அடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை இருக்கிறது, தரை சிமெண்ட். அதில் இழைக்க, அறுக்க, உளி அடிக்க ஒரு வலுவான மர மேசை வேண்டும். நாட்டு மரத்திலேயே செய்ய ஆசை. எந்த மரம், என்ன அளவு, எப்படிப் பூட்டுவது? ஏற்கெனவே 3 × 2 சட்டத்தில் ஆணியும் எல் ஆங்கிளும் அடித்துச் செய்த மேசை ஆறே மாதத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது, அது ஏன்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற அளவுகள் எல்லாம் தானாக வந்து உட்காரும்.

சாப்பாட்டு மேசையில் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. பட்டறை மேசையில் அப்படி இல்லை. இழைப்புளியைத் தள்ளும்போது விசை பக்கவாட்டில் போகிறது. மேசையின் உயரம் 34 அங்குலம் என்றால், கால் ஒவ்வொன்றும் 34 அங்குல நெம்புகோல்தான். மேலே 15 கிலோ விசையோடு தள்ளினால், அது கீழே குறுக்குச் சட்டமும் காலும் சேரும் இடத்தில் பல மடங்காகப் பெருகி, அந்த மூட்டைத் திருகிப் பார்க்கிறது. மூட்டு அதைத் தாங்குவது சட்டத்தின் அகலத்தால். 2 அங்குல அகலச் சட்டம் என்றால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவில் பிடிக்க இடமே இல்லை. 5 அங்குல அகலம் என்றால் அதே திருகலுக்கு மூட்டில் விழும் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சட்டத்தின் கனத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவதே பலன் தரும் என்பது இதனால்தான்.

ஆணி விஷயம் வேறு. சட்டத்தின் தலைமுனையில் அடித்த ஆணி மரநார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. அங்கே நாரைக் குறுக்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முதல் மாதம் இறுக்கமாகத் தெரியும். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு மயிரிழை துளை அகலும். எல் ஆங்கிளும் அப்படியே: இரும்பு வளையாது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் முக்கால் அங்குல ஸ்க்ரூ மரத்தைத் தின்றுகொண்டே போகும். போதாததற்குப் பச்சை மரமாக இருந்தால் அது காய்ந்து சுருங்கும்போது எல்லா மூட்டும் ஒரே சமயத்தில் தளர்ந்துவிடும். ஆறு மாதத்தில் ஆடியது இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

ஆகவே மேசைக்கு வேண்டியது கனம், அகலமான சட்டம், மரத்துக்குள் மரம் இறங்கிய மூட்டு, காய்ந்த மரம்.

மரத்தைப் பற்றி. தேக்கு தேவையே இல்லை. விலையும் அதிகம், மேல்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பசையால் பசை சரியாகப் பிடிக்காது. வேம்பு போதும், ஊர் ஊருக்குக் கிடைக்கும், காய்ந்த மரம் ஒரு கன அடி தோராயமாக 20 கிலோ எடை நிற்கும், பூச்சி அவ்வளவாக அண்டாது. அதன் குறை, நார் முறுக்கி முறுக்கி ஓடுவது. காயும்போது முறுக்கிக்கொள்ளும், இழைக்கும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் அடுத்த அங்குலம் பிய்ந்தும் வரும். அறுக்கும்போது தூசி மூக்கைக் கசந்து அரிக்கும், முகத்தில் துணி கட்டாமல் அறுக்காதீர்கள். வேங்கை வலுவில் இதைவிட மேல், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும்; மேல் பலகைக்கு வைத்தால் செய்யும் பொருளில் கறை ஏறும், காலுக்கு வைக்கலாம். நிலை, கதவுக்கு வாங்கும் கோங்கு கிடைத்தால் முழு மேசையும் அதிலேயே செய்யலாம். சவுக்கு உறுதிதான், காயும்போது நீளவாக்கில் வெடிக்கும், வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம் இழைக்கச் சுகமானது, ஆனால் மருந்து ஏற்றிய மரமாக இருக்க வேண்டும். ஏற்றாததை வண்டு விடாது, நீலம் பாய்ந்துவிடும். பெட்டி உடைத்த பைன் பலகை எடை குறைவு, கறையானுக்கு விருந்து. அதைக் கீழ்த்தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீடு இடித்த பழைய மரம் விற்கும் கடை அருகில் இருந்தால் முதலில் அங்கே போங்கள். முப்பது நாற்பது வருஷம் கூரைக்கடியில் காய்ந்த விட்டத்துக்கு இணையான மரத்தை மரவாடியில் தேடிப் பிடிப்பது சிரமம். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கிய பிறகே மில்லுக்கு எடுத்துப் போக வேண்டும். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி, மில்காரரின் ரம்பத்தையும் உங்களோடு அவருக்கு இருக்கும் நல்ல உறவையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

வாங்க வேண்டிய அளவு: மேல் பலகைக்கு 2 × 3 அங்குலம், 6¼ அடி நீளச் சட்டம் 12. காலுக்கு 4 × 4, 3 அடி நீளம் 4. அகலவாட்டில் வரும் குறுக்குச் சட்டம் 4 × 2, 2 அடி நீளம் 4. நீளவாட்டில் வரும் நெடுஞ்சட்டம் 5 × 2, 4 அடி நீளம் 2. கன அடிக் கணக்கு எளிது: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஒரு மேல் சட்டம் 2 × 3 × 6.25 ÷ 144, அதாவது 0.26 கன அடி, பன்னிரண்டுக்கு 3.12. கால் நான்கும் 1.33, குறுக்குச் சட்டம் 0.44, நெடுஞ்சட்டம் 0.56. மொத்தம் ஏறக்குறைய 5½. வெடிப்பு, முடிச்சு, சேதாரம் சேர்த்து 6¼ கன அடி வாங்குங்கள். இழைத்து முடித்த மேசை சுமார் 85 கிலோ நிற்கும். அதன்மேல் வைஸ் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு இடுக்கி), கீழ்த்தட்டில் கருவிகள் எல்லாம் சேர்ந்தால் நூறைத் தாண்டும். தள்ளும்போது நகராமலிருக்க அந்த எடை வேண்டும்.

மில்லில் 2 அங்குலம் என்று அறுத்தது ரம்ப வாய் போனது போக 1⅞க்கு வந்து நிற்பது சகஜம். இழைத்த பிறகு மேல் சட்டம் 1⅞ × 2¾, கால் 3¾ × 3¾, குறுக்குச் சட்டம் 3¾ × 1¾, நெடுஞ்சட்டம் 4¾ × 1¾ கிடைக்க வேண்டும் என்று சொல்லி, முழு அளவுக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, ஆனால் எல்லாம் ஒரே அளவில் குறைய வேண்டும்.

சட்டத்தைப் பொறுக்கும்போது தலைமுனையைப் பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி சட்டத்துக்குள்ளேயே இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; காலாக வைத்தால் நிச்சயம் வெடிக்கும். வைரம் பாய்ந்த பகுதியாக எடுங்கள், வெளிப்புற வெள்ளையில்தான் வண்டு முதலில் இறங்கும். பிறகு ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் நோட்டம் விடுங்கள். வில்லாக வளைந்ததை இழைத்து நேராக்கலாம். முறுக்கியதை இழைத்தால் பாதி மரம் சிராயாகப் போய்விடும்.

பச்சை மரம் என்றால் பொறுமைதான் மருந்து. வெட்டிய அன்றே தலைமுனைகளில் பழைய பெயிண்ட் அல்லது உருக்கிய மெழுகு பூசுங்கள், முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் வெடிப்பு விழுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல் வைத்து, அடுக்குக்கு அடுக்கு 2 அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு கொடுத்து, மேலும் கீழும் அந்தத் துண்டுகள் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி அடுக்கி, மேலே பாரம் ஏற்றி நிழலில் வைக்க வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. ஒரு சட்டத்தில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால் அந்த இடத்தின் காற்றோடு மரம் சமமாகிவிட்டது என்று பொருள். இதை மழைக்காலத்தில் செய்தால் எடை இறங்காமல் நிற்பது உங்களை ஏமாற்றும்; மாசிக்கும் ஆனிக்கும் நடுவே பாருங்கள்.

உயரத்தை நாற்காலி மேசைக் கணக்கில் வைக்காதீர்கள். வேலை செய்யும்போது போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் தளரத் தொங்கவிட்டு நில்லுங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து தரை வரை எவ்வளவோ அதுதான் பொது வேலைக்கு உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 33, 34 அங்குலத்தில் வரும். நாள் முழுக்க இழைப்பதே வேலை என்றால் இன்னும் 2 அங்குலம் குறைக்கலாம், தோளால் அல்லாமல் உடம்பின் பாரத்தால் தள்ள முடியும். நம் ஊர்த் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, காலாலேயே மரத்தைப் பிடித்து வேலை செய்தவர்கள். அந்த முறையில் பழகியவருக்கு இந்த உயரமே தேவையில்லை. இங்கே சொல்வது நின்று செய்யும் வேலைக்கு. 34 அங்குல மேசைக்கு மேல் பலகை 2¾ போக, கால் 31¼ அங்குலம். அறுக்கும்போது அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள், காரணம் பின்னால் வரும்.

முதலில் கால் சட்டங்கள். இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒன்று: இப்படி ஏணி போல இரண்டு சட்டகம். முன்காலின் வெளி முகத்திலிருந்து பின்காலின் வெளி முகம் வரை 24 அங்குலம். இரண்டு காலுக்கும் நடுவே 16½. குறுக்குச் சட்டத்தில் இரு பக்கமும் 2 அங்குலக் கழுந்து, அதாவது காலின் துளைக்குள் இறங்கும் நாக்கு, விட வேண்டும் என்பதால் சட்டத்தின் முழு நீளம் 20½. கழுந்தின் கனம் 5 நூல் (8 நூல் ஓர் அங்குலம்), சட்டக் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மேல் குறுக்குச் சட்டம் கால் தலைக்குச் சமமாக நிற்கும். அதன் கழுந்தை மட்டும் மேல் விளிம்பில் 1 அங்குலம் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் காலின் துளை மேல்பக்கம் திறந்துபோய், முதல் அடியிலேயே காது பிளந்துகொள்ளும். கீழ்க் குறுக்குச் சட்டத்தின் அடி தரையிலிருந்து 3 அங்குலம்.

துளையை முழுக்க உளியால் எடுக்க வேண்டாம். 14 மி.மீ. பிட்டால் வரிசையாக 2⅛ அங்குல ஆழம் துளையிட்டு, மிச்சத்தை 5 நூல் உளியால் சுத்தம் செய்யுங்கள். முதலில் துளை, பிறகு கழுந்து. கழுந்தைத் துளைக்கு ஏற்றபடி சீவிக் குறைப்பது எளிது. துளையைக் கழுந்துக்கு ஏற்றபடி திருத்தப் போனால் அகலமாகி, கடைசியில் சிராய் வைத்து அடைக்கும் நிலை வரும். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி இறங்க வேண்டும். கையால் அழுத்தி இறங்கினால் தளர்வு, சுத்தியல் ஓங்கினால்தான் இறங்கும் என்றால் கால் பிளக்கும்.

இந்த மூட்டை நிரந்தரமாக இறுக்கிப் பிடிப்பது மூங்கில் ஆணி. இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்யுங்கள். காலில், உள் முகத்திலிருந்து ¾ அங்குலம் தள்ளி 3 நூல் துளை போடுங்கள். கழுந்தை உள்ளே செருகி, அந்தத் துளை வழியாகவே பிட்டின் முனையால் ஒரு புள்ளி வையுங்கள். வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல், அதாவது 1½ மி.மீ., சட்டத்தின் தோள் (கழுந்து தொடங்கும் இடம்) பக்கமாக நகர்த்தி, கழுந்தில் துளை போடுங்கள். மறுபடி செருகும்போது இரண்டு துளையும் நேராக வராது. முற்றிய மூங்கிலைச் சீவி, முனையைக் கூராக்கி அடித்தால், அது வளைந்து போகும் வழியில் கழுந்தைக் காலுக்குள் இழுத்து இறுக்கும். பசை காய்ந்து உதிர்ந்தாலும் இந்தப் பிடி விடாது. அரை நூலுக்கு மேல் நகர்த்தினால் மூங்கில் முறியும் அல்லது கழுந்தின் முனை பிளக்கும். எதிர்ப்பக்கம், கழுந்தின் முனையை நோக்கி நகர்த்திவிட்டால் மூட்டு திறந்துகொள்ளும். பேரார்வத்தில் பலரும் செய்யும் தவறு இந்த இரண்டாவதுதான், துளை போடுமுன் தோள் எந்தப் பக்கம் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

நீளவாட்டில் வரும் நெடுஞ்சட்டத்துக்குப் பசை வேண்டாம், போல்ட் போடுங்கள். இரண்டு காரணம். மேசையைக் கழற்றினால்தான் கொட்டகைக் கதவு வழியே நுழையும். ஐப்பசி மழையில் ஊதி சித்திரையில் சுருங்கும் மரத்தை, வருஷம் ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

மேல் பலகை 72 அங்குலம், இரு பக்கமும் 10 அங்குலம் வெளியே நீளும். ஆக, கால் சட்டகங்களின் வெளி முகத்துக்கு வெளி முகம் 52, உள்ளே 44½. நெடுஞ்சட்டத்தின் முனை முழுவதும் காலுக்குள் அரை அங்குலம் இறங்கி உட்காரும்படி காலின் உள் முகத்தில், நடுவில், 4¾ × 1¾ அளவில் ஆழமற்ற பள்ளம் எடுங்கள். சட்டத்தின் நீளம் 45½ ஆகிறது. பாரத்தைத் தாங்குவதும் சட்டம் சுழலாமல் தடுப்பதும் அந்தப் பள்ளத்தின் வேலை. போல்ட் இழுத்துப் பிடித்தால் மட்டும் போதும். நெடுஞ்சட்டம் கீழ்க் குறுக்குச் சட்டத்துக்கு மேலே, தரையிலிருந்து 7½ அங்குலத்தில் தொடங்கட்டும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் போல்ட் நேராகக் கழுந்தைத் துளைத்துக்கொண்டு போகும், அதுவரை செய்த வேலை வீண்.

போல்ட் 4 நூல், 6 அங்குல நீளம், நான்கு. காலின் வெளி முகத்தில் வாஷர் அமரும் அளவுக்கு 5 நூல் ஆழம் குடைந்துகொண்டு, அதன் நடுவிலிருந்து 13 மி.மீ. பிட்டால் காலைத் துளைக்க வேண்டும். பிறகு நெடுஞ்சட்டத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்து, மூலைமட்டம் பிடித்து, காலின் துளையையே வழிகாட்டியாக வைத்துச் சட்டத்தின் முனைக்குள் துளையை நீட்டுங்கள். தனித்தனியாக அளந்து துளைத்தால் சந்திக்கவே சந்திக்காது. சட்டத்தின் உள் முகத்தில், முனையிலிருந்து 2½ அங்குலம் விட்டு, 1½ அங்குலச் சதுரத்தில் ஒரு குழி எடுத்தால் அதில் வாஷரும் நட்டும் உட்காரும். அந்த 2½ அங்குல மரத்தைக் குறைக்காதீர்கள். நட்டின் இழுப்பை அதுதான் தாங்குகிறது. ஓர் அங்குலம் மட்டும் விட்டால் இறுக்கும்போது நார் வழியே பிதுங்கி வந்துவிடும்.

இனி மேல் பலகை. 24 அங்குல அகலத்தை ஒரே பலகையாக ஒட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆறு ஆறு சட்டமாக 11¼ அங்குலத்தில் இரண்டு பலகை ஒட்டி, நடுவில் 1½ அங்குலம் இடைவெளி விடுங்கள். மரம் நீளத்தில் மாறாது, அகலத்தில் மாறும். வெயிலுக்கும் மழைக்கும் நடுவே 24 அங்குலப் பலகை 5 முதல் 8 மி.மீ. வரை ஊதிச் சுருங்கும். இரண்டாகப் பிரித்தால் அந்த அசைவை நடு இடைவெளி விழுங்கிக்கொள்ளும். இன்னொரு வசதி, 11¼ அங்குலப் பலகை மில்லில் இருக்கும் 12 அங்குல இழைப்பு மிஷினில் நுழையும். கையால் மட்டமாக்கும் இரண்டு நாள் வேலை மிச்சம். இடைவெளியில் கிளாம்ப்பைச் செருகிப் பிடிக்கலாம், அதில் ஒரு தளர்வான சட்டத்தை வைத்து அரை அங்குலம் உயர்த்தினால் குறுக்கே இழைக்கும்போது தடுப்பாகவும் நிற்கும்.

சட்டங்களை 2¾ பக்கம் நிற்கும்படி பக்கத்தில் பக்கமாக அடுக்கி, எல்லாவற்றிலும் நார் ஒரே திசையில் சாயும்படி திருப்பி வைத்து, மேலே பென்சிலால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிடுங்கள். பசை தடவும் அவசரத்தில் வரிசை குழம்பினாலும் முக்கோணம் காட்டிக்கொடுக்கும். ஃபெவிகால் மெரைன் போன்ற நீர் தாங்கும் வெள்ளைப் பசை போதும். நண்பகலில் தகரக் கூரைக்கடியில் ஒட்டாதீர்கள், ஐந்து நிமிடத்தில் பசையின் மேல் ஆடை படிந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. விடியற்காலையில் செய்யுங்கள். ஆறையும் ஒரேயடியாக ஒட்டாமல் மூன்று மூன்றாக ஒட்டி, மறுநாள் இரண்டையும் சேர்த்தால் பதற்றம் இருக்காது.

6 அடிக்கு ஏழு கிளாம்ப் வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் மேலேயே போட்டால் பலகை படகு போல வளையும். அவ்வளவு கிளாம்ப் இல்லையென்றால் ஆப்பு போதும். கனமான நான்கு குறுக்குக் கட்டைகளில், பலகையின் அகலத்தைவிட 2 அங்குலம் தள்ளி இரண்டு முனையிலும் முட்டுக்கட்டை திருகி, நடுவில் சட்டங்களை வைத்து, மிச்ச இடத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்தால் எந்தக் கிளாம்ப்புக்கும் குறையாத அழுத்தம் கிடைக்கும். மூட்டு முழுவதும் சின்னச் சின்னப் பசை மணிகள் வரிசையாகப் பிதுங்கினால் சரி. வழிந்தோடினால் பசை அதிகம். ஓரிடத்தில் எதுவுமே வரவில்லை என்றால் அங்கே சட்டங்கள் ஒட்டவில்லை, உடனே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒட்டி முடித்த பலகையை வேப்ப நார் பிய்க்கிறது என்றால் இழைப்புளியைக் குறுக்காக, சாய்வாக ஓட்டுங்கள். அலகைத் தீட்டி, மூடி இரும்பை (அலகின் மேல் படிந்திருக்கும் இரண்டாவது தகடு) அலகின் முனைக்கு அரை மி.மீ. நெருக்கத்தில் கொண்டுவாருங்கள். பலகை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, ஒரே அகலமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களை இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒன்றின் மேல் விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அந்த மூலையும் அதற்குக் குறுக்கு எதிர்மூலையும்தான் உயரம்.

இத்தனை ஒட்டு வேலைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு: 19 மி.மீ. பிளைவுட் 8 × 4 ஷீட் ஒன்று வாங்கினால், அதிலிருந்து 6 × 2 அடியில் இரண்டு துண்டும் மிச்சம் 4 × 2 அடியில் ஒரு துண்டும் வரும். முதல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் திருகினால் 38 மி.மீ. மேல் பலகை, மூன்றாவதிலிருந்து கீழ்த்தட்டு. கால் சட்டகம் மேலே சொன்னதுதான், மேல் கனம் குறைவதால் கால் மட்டும் 1¼ அங்குலம் நீளமாக. நன்றாகவே உழைக்கும். ஆனால் எடை குறையும், விளிம்பு சிராய்க்கும், தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்க முடியாது.

பலகையைக் கால் சட்டகத்தில் பூட்டுவதில் ஒரு நுணுக்கம். மேல் குறுக்குச் சட்டத்தின் அடியிலிருந்து 1¼ அங்குலம் குடைந்து, 3 நூல் × 4 அங்குலக் கோச் ஸ்க்ரூவை (ஸ்பேனரால் திருகும் தடித்த ஸ்க்ரூ) மேல்நோக்கி ஏற்றுங்கள். பலகைக்குள் கிட்டத்தட்ட 1⅜ அங்குலம் இறங்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு ஸ்க்ரூ. முன்பலகையில் முன் துளை இறுக்கமாகவும், பின் துளை அகலவாட்டில் நீண்டதாகவும் இருக்கட்டும். பின்பலகையில் அதற்கு எதிர்மாறு. அப்போது இரண்டு பலகையும் வெளி விளிம்பில் அசையாமல் நின்று, நடுவை நோக்கி மட்டும் ஊதும். எல்லாத் துளையும் இறுக்கமாக இருந்தால் பலகை போக இடமில்லாமல், கோடையில் ஒட்டுக்கோட்டில் பிளக்கும். பலகையின் முன் விளிம்பும் முன்காலின் முன் முகமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நீளமான கதவுச் சட்டத்தை நிறுத்தி வைத்து இழைக்க அந்த மட்டம்தான் உதவும்.

வைஸ், வலது கைக்காரருக்கு முன்பக்கம் இடது முனையில். 9 அங்குலக் கார்பென்டர் வைஸ் போதும். உள் தாடை பலகையின் முன் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. பலகையில் பள்ளம் எடுத்து உள்ளே தள்ளி, இரண்டு தாடைக்கும் மரத்துண்டு திருகிவிடுங்கள். முன் விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே, வைஸுக்கு நேராக, 4 அங்குலத்துக்கு ஒன்றாக 20 மி.மீ. துளைகளை நெட்டுக்குத்தாகப் போட்டு வையுங்கள். தடுப்புக் கட்டைகள் அதில் நிற்கும். இரும்பு வேலைக்கான பெஞ்ச் வைஸை நேரடியாக மேசையில் பூட்டாமல், தனிப் பலகையில் பூட்டி, தேவைப்படும்போது மட்டும் கிளாம்ப் போடுங்கள். இரும்புத் தூளும் எண்ணெயும் மேல் பலகையில் ஊறினால் பிறகு அதன்மேல் வைக்கும் மரமெல்லாம் கறுக்கும்.

கொட்டகைக்குள் வைக்கும் இடம்: 12 அடிச் சுவரோடு நீளவாக்கில், நடுவில். இரு முனையிலும் 3 அடி வெறுமனே கிடக்கும். நீண்ட சட்டம் இழைக்கும்போது கதவு ஒரு முனைக்கு நேராக இருந்தால் சட்டம் வெளியே நீண்டுகொள்ளலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் மண்கோடு ஏறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தகர ஷீட்டுகள் சேரும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம், அங்கே மழைக்கு இல்லாவிட்டாலும் பனிக்குச் சொட்டும்.

சிமெண்ட் தரை மட்டமாக இருக்காது. மேசையை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, தூக்கிய கால்களின் அடியில் ஆப்பு செருகி மேல் பலகையை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கால் தரையிலிருந்து அதிகம் தூக்கி நிற்கிறதோ அந்த இடைவெளிக்குக் கொஞ்சம் அதிகக் கனமுள்ள கட்டையை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுங்கள். கோட்டில் அறுத்தால் அந்தத் தரைக்கென்றே செய்த கால். முன்னால் விடச் சொன்ன அரை அங்குலம் இதற்குத்தான். அறுத்த முனையில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் மூன்று முறை ஊறவிடுங்கள். கடற்கரையில் படகுக்கும் கூரை மரத்துக்கும் பூசுவது அதைத்தான், கறையான் நெருங்காது. கையில் பட்டால் தோல் வெந்து உரியும், ரப்பர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கடப்பாக்கல் துண்டு வைத்துவிட்டால் தரையைக் கழுவும் தண்ணீரும் ஏறாது.

மேல் பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று நாள். மேல் முகத்துக்கு எத்தனை பூச்சோ அடி முகத்துக்கும் அத்தனை. ஒரு முகம் மட்டும் ஈரத்தை வாங்கினால் பலகை குழிந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் போல்ட் நான்கையும் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்க வேண்டியிருக்கும். மேல் பலகையில் மெல்லிய மேடு பள்ளமும் தெரியும். உடனே இழைத்து மட்டமாக்க வேண்டாம். தை, மாசியில் காய்ந்து திரும்பி, பங்குனி வெயிலையும் பார்த்த பிறகு, அந்த இரண்டு நேர்ச்சட்டங்களை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்து, அப்போது ஒருமுறை முழுதாக இழைத்துக்கொள்ளுங்கள்.